எரியாமல் இருந்த டியூப்லைட்

ஆராய்ச்சிக்கூடத்து இருட்டறையில் ஒரு வெள்ளை எலியும் ஒரு டியூப்லைட்டும் இருந்தன. எலியின் மூளையில் ஒரு கட்டி. இருட்டில் மூளை சுரக்கும் மெலடோனின் அந்தக் கட்டியை அடக்குமா என்று பார்க்கத்தான் டாக்டர் மங்கையர்க்கரசி எலியை அங்கே வைத்திருந்தார்.

நல்ல மனுஷி. ஆனால் மணிக்கொரு தரம் கதவைத் திறந்து, ஸ்விட்சைப் போட்டு, அறை இருட்டாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார். வெளிச்சம் பட்டதும் சுரந்ததெல்லாம் அடங்கிவிடும்.

"இன்னும் ஒரு வாரம். தேறலைன்னா இந்த ஆராய்ச்சியையே மூடிட வேண்டியதுதான்" என்றார் ஒரு நாள்.

அவர் போனதும் எலி கேட்டது: "அண்ணே, நீங்க எரியாம இருந்தா என்ன?"

டியூப்லைட்டுக்குச் சுருக்கென்றது. "பதினோரு வருஷமா ஒரு தடவைகூட மக்கர் பண்ணாதவன்டா நான்!"

"தெரியும்ணே. என் தலைக்காகக் கேக்கறேன்."

அடுத்த முறை ஸ்விட்ச் போட்டபோது டியூப்லைட் கம்மென்று இருந்தது. டாக்டர் ஸ்டார்ட்டரைத் திருகினார், தட்டினார், திட்டினார். விளக்கே எரியாத அறையில் இருட்டைச் சோதிக்க வேண்டியதில்லையே! புதுத் தீவனம் ஒரு வாரத்துக்கு வைத்துவிட்டுப் போனவர், அந்த வாரம் எட்டிப் பார்க்கவில்லை.

வாரக் கடைசியில் எலியின் ரத்தத்தில் மெலடோனின் நிறைய இருந்தது. கட்டி வளரவில்லை.

"நல்லவேளை, தீவனத்தை மாத்தினேன்!" என்று பூரித்தார் டாக்டர்.

எலிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, பேரு தீவனத்துக்குப் போகுதே!"

"போகட்டும்டா, வாயை மூடு" என்றது டியூப்லைட், நிம்மதியாக. "விஷயம் தெரிஞ்சா, நான் எரியாமத்தான் இருக்கேனான்னு பார்க்க மணிக்கொரு தரம் டார்ச்சோட வந்துடுவாங்க."