பொதுச்சுவரில் ஒரு கடிகாரம்

பக்கத்து வீட்டுக் கடிகாரம் எட்டு அடித்து ஓய்வதற்குள் சொர்ணாம்பாளுக்கு வயிறு எரிந்துவிடும்.

"நம்ம காதுல விழணும்னே பொதுச்சுவத்துல மாட்டியிருக்கா, பாத்தீங்களா?" என்பாள் புருஷனிடம்.

கைலாசநாதன் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். எட்டு அடித்தால் அவர் சாப்பாட்டுப் பையோடு கிளம்பியாக வேண்டும். ஒரு காலைத் தாங்கித் தாங்கி நடந்து, கோட்டுச்சேரி கடைத்தெருவில் எட்டே கால் பஸ்ஸைப் பிடித்தால்தான் காரைக்கால் ஆபீசுக்கு நேரத்தோடு போகமுடியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாலைந்து நாள் பஸ்ஸை விட்டு, மெமோ வாங்கியிருந்தார். இன்னொரு தரம் லேட்டானால் வேலையே இருக்காது என்று அதில் கண்டிருந்தது. நல்லவேளை, அதற்கப்புறம் பஸ்ஸை விடவே இல்லை.

"என் அதிர்ஷ்டம், பஸ்ஸு தினமும் லேட்டாத்தான் வருது" என்பார்.

விடியுமுன் எழுந்து உலை வைப்பது நானாக்கும், அதிர்ஷ்டமாம் என்று அவள் நொடித்துக்கொள்வாள்.

அந்தக் கடிகாரம் ஃபிரான்சுவாஸுடையது. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து காலமானவர். அவளுக்கு அங்கிருந்து பென்ஷன் வருகிறது. பாரீஸிலிருக்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த கடிகாரம் முதலில் கூடத்தில்தான் தொங்கியது. திடீரென்று ஒரு நாள் அதைக் கழற்றி, புளிப்பானையும் நெல் மூட்டையும் இருக்கிற உள்ளறைக்குக் கொண்டுபோய், சொர்ணாம்பாள் வீட்டை ஒட்டிய சுவரில் மாட்டிவிட்டாள்.

பிள்ளை பிறந்தால் ஜாதகத்துக்கு நேரம் கேட்கவும், ராகுகாலம் கழிந்ததா என்று தெரிந்துகொள்ளவும் தெருவே அவளிடம்தான் போகும். அதிலும் ஒரு மினுக்கு. உள்ளே அத்தனை பெரிய கடிகாரம் இருக்க, கையைத் திருப்பி, கைக்கடிகாரத்தைப் பார்த்துத்தான் நேரம் சொல்வாள். சொர்ணாம்பாள் மட்டும் போய்க் கேட்டதே கிடையாது. முற்றத்து வெயிலைப் பார்த்துக்கொள்வாள். காது மட்டும் சுவரில் இருக்கும்.

அந்தத் தீபாவளிக்குக் கைலாசநாதன் ஒரு கைக்கடிகாரம் வாங்கினார். டீக்கடை ரேடியோவில் நேரம் சொல்லும்போது முள்ளைத் திருப்பி வைத்துக்கொண்டு வந்தார். மறுநாள் காலை பக்கத்து வீட்டில் எட்டு அடித்தது. இவர் கையில் மணி ஏழே முக்கால்.

சொர்ணாம்பாளுக்கு அன்றைக்குத்தான் தீபாவளி. ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்து, கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு உள்ளறை வரைக்கும் போய்விட்டாள்.

"மதாம், உங்க பாரீஸ் கடிகாரம் கால் மணி முந்தி ஓடுது. இதை நம்பியா ஊருல ஜாதகம் எழுதுறாங்க?"

ஃபிரான்சுவாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. ஊருக்குச் சொல்வது தன் கைக்கடிகார நேரம்தான், அது சரியாகத்தான் ஓடுகிறது என்றாள். பிறகு சொர்ணாம்பாள் கையிலிருந்ததைக் கவனித்தாள்.

"இது யாருது?"

"எங்க வீட்டுக்காரருது. புதுசு" என்றாள் சொர்ணாம்பாள், கொஞ்சம் தூக்கிக் காட்டி.

ஃபிரான்சுவாஸின் முகம் மலர்ந்தது. முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். கண்ணாடிக் கதவைத் திறந்து, ஆடிக்கொண்டிருந்த பெண்டுலத்தை விரலால் பிடித்து நிறுத்தினாள்.

"கால் மணி இப்படியே நிக்கட்டும், சரியாயிடும்" என்றாள். "மெமோ வந்த அன்னிக்கு நீ அழுதது இந்தச் சுவர் வழியா எனக்குக் கேட்டுச்சு. மெதுவா நடக்கிறவர் முன்னாடியே கிளம்பட்டும்னுதான் முள்ளைத் தள்ளி வெச்சு, இதை இங்க மாட்டினேன். இனிமே கூடத்துக்கே போகட்டும். ஒரு கை பிடி, சொர்ணம்."