சூடாகும் கம்ப்யூட்டர்

பீப் பீப் என்று அலறிவிட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டர் அன்றைக்கு மூன்றாவது தடவையாக அணைந்தது.

"இந்தப் பொண்ணு வந்த நாலு நாளாத்தான் இப்பிடி" என்றார் பீங்கான் கம்பெனி முதலாளி சுப்புராயன். "தப்பு இவ மேலன்னு தெரியட்டும், நாளைக்கு வேலைக்கு வர வேணாம்."

"டைப்புதான் அடிச்சேங்க" என்றாள் மகேஸ்வரி.

மெக்கானிக் சேரன் பெட்டியைத் திறந்து உள்ளே தொட்டவன், கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"பிராசஸர் கொதிக்குதுங்க. தோசையே சுடலாம்."

பெட்டியின் பின்பக்கம் தடவிப் பார்த்தான். அங்கிருந்த ஃபேன் துளைகளில் இறுக்கமாகத் திணித்திருந்த துணியை உருவி எடுத்து, கம்ப்யூட்டரை மறுபடியும் ஓடவிட்டான். அரை மணி நேரமாகியும் அது அணையவில்லை.

"சூட்ட வெளிய தள்றதே இந்த ஃபேன்தாங்க. இத அடைச்சவங்க மேலதான் தப்பு" என்று மகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தான்.

"அவள ஏம்பா பாக்குற? நாலு நாளைக்கு முன்னாடி நான்தான் அடைச்சேன்" என்றார் சுப்புராயன், நிமிர்ந்து நின்று. "முப்பது வருசமா சூளை வெச்சிருக்கேன். சூடா இருக்கற சாமான் மேல காத்து பட்டா விரிசல் வுடும்னு எனக்குத் தெரியாதா?"