பரஸ்தானப் பை

திரையின் மூலையில் பத்தொன்பது நிமிடம் என்று காட்டியது.

அதற்குள் பணம் கட்டாவிட்டால் கப்பலில் பிடித்து வைத்த கேபின்கள் கைவிட்டுப் போய்விடும். ஜன்னல் வைத்தவை. படுக்கையில் எழுந்து உட்கார்ந்தால் கடல்.

'எத்தனை பேர்' என்ற கட்டத்தில் மட்டும் அவள் இன்னும் எதுவும் போடவில்லை.

நான்கு பேர் உறுதி. அவள், அவள் கணவர் சிதம்பரநாதன், பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடம் இவர்கள் வீட்டில் தங்க வந்த இரண்டு பிள்ளைகள். பின்லாந்து மிக்கா. இத்தாலி லுசியா. இரண்டும் மத்தியானத்திலிருந்து சாப்பாட்டு மேசையை விட்டு நகரவில்லை. கப்பலில் நீச்சல் குளம் எத்தனை, ஐஸ்கிரீம் எத்தனை தடவை வாங்கலாம் என்று மடிக்கணினியை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தன. பார்க்கப் பார்க்க அவளுக்கும் கால் தரையில் நிற்கவில்லை.

ஐந்தாவது ஆள் அவள் பெற்ற பிள்ளை. நகுலன், பதினேழு வயது.

அவன் அறைக் கதவு சாத்தியிருந்தது.

"நீங்க போயிட்டு வாங்க. நான் வரலை," என்று காலையிலேயே சொல்லிவிட்டான். அதற்குமேல் ஒரு வார்த்தை பெயரவில்லை. ஒரு வருடமாகவே அவன் பேச்சு அப்படித்தான், அளந்து அளந்து.

ஜூலையில் டெல்லியில் கல்லூரி. விடுதி. அதற்குப் பிறகு விருந்தாளி மாதிரி வந்து போவான்.

கப்பலாவது, கடலாவது. அவளுக்கு அவனோடு மூன்று நாள் வேண்டும். அவ்வளவுதான்.

கெஞ்சினால் இன்னும் முறுக்கிக்கொள்வான். அதனால் கெஞ்சவில்லை.

சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு கணவர் வந்தார்.

"செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கா கப்பல்? சுத்த ராகு காலம். கேப்டன்கிட்ட சொல்லி அஞ்சு மணிக்கு எடுக்கச் சொல்ல முடியாதா?"

பாலம் கட்டுகிற பொறியாளர். ஆனால் ராகு காலத்தில் லிஃப்டில்கூட ஏற மாட்டார். இதையும் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"பரஸ்தானம் வெச்சுட்டாப் போச்சு," என்றாள் அவள்.

பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

நல்ல நேரம் பார்த்து ஒரு பையை எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் போகிற ஒவ்வொருவரின் துணியும் அதில் ஒன்று இருக்க வேண்டும். பை வாசலைத் தாண்டிவிட்டால் அவர்களும் அப்போதே கிளம்பிவிட்டதாக அர்த்தம். அப்புறம் கப்பல் எத்தனை மணிக்கு எடுத்தால் என்ன. ஒன்றே ஒன்று, வைத்த பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது.

"அப்போ ராகுவை ஏமாத்தறோம்," என்றாள் லுசியா. எட்டு மாதத்தில் நல்ல தமிழ். அதைவிட நல்ல சந்தோஷம்.

அதோடு விட்டிருக்கலாம். மிக்கா நாள்காட்டியை எட்டிப் பார்த்தான். ஞாயிறு, நல்ல நேரம் மூன்றரையிலிருந்து நாலரை. மணி நான்கு பத்து.

கப்பலுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, முந்தின நாள் வைத்தால் போதும் என்று சொல்ல அவர் வாயைத் திறப்பதற்குள் இரண்டும் எழுந்து ஓடின. ஜவுளிக்கடைப் பை ஒன்று அகப்பட்டது. கொடியில் காய்ந்த அவளுடைய நீலப் புடவை பறந்தது. அவர் தோளில் கிடந்த துண்டையும் விடவில்லை. பாலம் கட்டுகிறவர் வெறும் தோளோடு நின்றார்.

காலடிகள் சாத்திய கதவுக்கு முன்னால் நின்றன.

தட்டினார்கள்.

கதவு திறந்தது. என்ன பேசினார்கள் என்று அவள் காதில் விழவில்லை. கதவு மூடியது.

போய்ப் பார்க்கச் சொல்லிக் கால் துடித்தது. உட்கார்ந்தே இருந்தாள்.

செருப்புக்கூடப் போடாமல் இரண்டும் வெளியே ஓடின. எதிர்வீட்டு அழைப்புமணி அலறியது.

ஆறு நிமிடம்.

"நாலுன்னு போட்டுடு," என்றார் அவர், மெதுவாக. "அவனை வற்புறுத்த வேண்டாம்."

அவள் எழுந்தாள்.

"ஜெசிந்தா அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

சொல்ல ஒன்றும் இல்லை. எதிர்வீட்டுக்காரி ஜெசிந்தா இந்தக் குடும்பத்தின் கூத்தையெல்லாம் பதினொரு வருடமாகப் பார்க்கிறவள். எதற்கு, ஏன் என்று கேட்காமல் பையை வாங்கி சோபாவில் வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வந்தவள் நேராகப் பைக்குள் கைவிட்டாள்.

நீலப் புடவை. துண்டு. லுசியாவின் பூப்போட்ட பாவாடை. திருச்சி வெயிலில் மிக்கா ஒரு நாளும் போட்டிராத கம்பளிக் குல்லாய்.

அதற்குக் கீழே ஏதோ ஈரமாக, சூடாகத் தட்டுப்பட்டது.

உருவினாள். கால்பந்துச் சட்டை. மைதானத்தில் புரண்ட புழுதி அப்படியே இருந்தது. வேர்வை சொட்டாத குறை.

"நாங்க எடுக்கலை," என்றாள் லுசியா, கேக் வாயோடு. "அவனே கழட்டிக் குடுத்தான்."

அந்த நாற்றத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கத் தோன்றவில்லை.

ஜெசிந்தா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அஞ்சு வாரம் இது என் வீட்லயா இருக்கணும்? கொண்டுபோய் அலசிட்டு வாம்மா."

அவள் சட்டையை மடித்தாள். புடவைக்கும் துண்டுக்கும் நடுவில் வைத்தாள்.

"முடியாதுக்கா. அது கிளம்பிடுச்சு."