இரண்டு மையவாடி

“பதினாறு மணித்தியாலம் ஆச்சு. இன்னும் கப்றுக் குழி வெட்டல்ல.”

சுஹறா வாசலுக்குள் நின்று சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. அறைக்குள் அவளுடைய உம்மாவின் மையித்து குளிப்பாட்டி, கபன் துணி சுற்றித் தயாராக இருந்தது. நேற்று இரவு இஷாத் தொழுகைக்குப் பிறகு போன உயிர். இன்னும் கொஞ்ச நேரத்தில் நண்பகல் ளுஹர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிடுவார்கள்.

முற்றத்தில் கதிரைகள் இரண்டு பக்கமாகப் பிரிந்து கிடந்தன. ஒரு பக்கம் பழைய பள்ளித் தலைவர் மீராசாஹிபு. மறுபக்கம் இப்போதைய தலைவர் காலிதீன்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு கடற்கரை மையவாடிக்கு மதில் கட்டியவர் மீராசாஹிபு. அங்கேதான் அடக்க வேண்டும் என்றார். மதில் கட்டியவரையே ஒரு வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு சனம் கூடித் தலைவர் பதவியிலிருந்து இறக்கிவிட்டது. அந்தக் கோபம் இன்னும் தணியவில்லை.

காலிதீன் வயல் ஓரத்தில் புது மையவாடி திறந்தவர். அங்கே இதுவரை ஒரு கப்றும் இல்லை. முதல் ஆளாகப் போய்ப் படுக்க எவருக்கும் மனமில்லை. அதைச் சொல்லியே பாதி ஊர் அவரையும் இறங்கச் சொல்கிறது.

“உங்கட மதிலக் கடல் தின்னுது. இன்னும் ரெண்டு மாரி போனா மையித்தெல்லாம் தோணியில்லாமலே ஒலுவில் கரைக்குப் போகும்,” என்றார் காலிதீன்.

“உன்ட காணியில ரெண்டு முழம் வெட்டினா விரால் புடிக்கலாம்.”

சிலர் சிரித்தார்கள். பிறகு யாருடைய காலம் நல்ல காலம் என்று தொடங்கிவிட்டார்கள். யார் இருக்கும்போது பள்ளிக்கு லைட் வந்தது, யார் இருக்கும்போது நோன்புக் கஞ்சி வெறும் தண்ணீரானது. தொழுகை நடத்த வந்த லெப்பை பேச்சை நிறுத்த இரண்டு முறை எழுந்தார், இரண்டு முறையும் உட்கார்ந்தார்.

உள்ளே றாஹிலா மாமி மையித்தின் முகத்தை மூடிக் கட்டப் போனாள். வெளி ஆண்கள் பார்க்கக் கூடாத முகம். பெண்கள் எல்லாரும் பார்த்து முடித்துவிட்டார்கள்.

“கட்டாதீங்க மாமி. இன்னும் ரெண்டு பேர் பாக்க இருக்கு.”

“வருவாங்களா மகள்?”

வெளியே யாரோ கதிரையை உதைத்த சத்தம் கேட்டது. சுஹறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். ஆண்கள் கூடிய இடத்தில் அவள் வாய் திறந்ததே இல்லை.

“தலைவர்மாரே, உங்கட மதிலும் வேணாம், காணியும் வேணாம். மண்வெட்டியத் தாங்க. என்ட வீட்டு வளவுக்குள்ள நானே வெட்டுறன்.”

மூன்றாம் முறை எழுந்த லெப்பையைத் தாண்டி அவள் தலைவர்கள் இருவரையும் பார்த்தாள்.

“முகத்த மட்டும் இன்னும் மூடல்ல. ராவு வந்து குந்தின நீங்க ரெண்டு பேரும் இன்னும் இந்தப் படி ஏறல்ல. உள்ளுக்கு வந்து பாருங்க, காக்கா. அவ என்னை மட்டும் பெக்கல்ல. உங்க ரெண்டு பேரையும் அவதான் பெத்தா.”