ஒன்ஸ்மோர் குரைத்த அன்று

“இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள அவன் இந்த இடத்தை விட்டுப் போயாகணும். ஒண்ணு அவன், இல்லைன்னா நான்.”

“அப்போ நீங்க கிளம்புங்க. உங்களுக்காவது போறதுக்கு வீடு இருக்கு.”

நாடக ஒத்திகை ஹாலில் கணவனும் மனைவியும் இப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, சண்டைக்குக் காரணமானவன் மேடையோரத்தில் காலைத் தூக்கிக் காதைச் சொறிந்துகொண்டிருந்தான். பெயர் ஒன்ஸ்மோர். என்ன ஜாதியென்றே தெரியாத தெருநாய்.

கணவர் பகலில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். மாலையானால் நாடகக் குழுவின் டைரக்டர், கதாநாயகன் எல்லாம் அவரே. மேக்கப் அவர் மனைவி.

ஒரு நாடகத்தில் ஜனங்கள் ஒவ்வொருவராக நழுவிக்கொண்டிருந்த நேரம், இந்த நாய் எங்கிருந்தோ மேடையேறி ராஜாவின் சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்தது. குழுவுக்கு முதன்முதலாகக் கைத்தட்டல் விழுந்தது அன்றுதான். அதிலிருந்து அதுதான் குழுவின் ராசி. பேனரில் அதன் படம். திரை விலகுமுன் எல்லோரும் அதன் தலையைத் தொட்டுவிட்டுத்தான் மேடையேறுவார்கள்.

டைரக்டருக்கு வயிற்றெரிச்சல் அங்கேதான். போன நாடகத்தில் அவர் குண்டடிபட்டு உருக்கமாக உயிரை விட்டுக்கொண்டிருந்தார். ஒன்ஸ்மோர் நிதானமாக நடந்து வந்து, பக்கத்தில் படுத்து, வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி விட்டது. ஹாலே விழுந்து விழுந்து சிரித்தது. செத்துக்கொண்டிருந்தவருக்கு நிஜமாகவே செத்துவிடலாம் போல் இருந்தது.

“சரி, காவலுக்காவது ஆகுமா? வாடகை கேட்க வர்றவன், டீ கொண்டு வர்றவன், வழி தெரியாம வர்றவன், யாரைப் பார்த்தாலும் வாலை ஆட்டுது. இதுவரைக்கும் ஒரு தடவை குரைச்சிருக்கா?”

கடைசியில் மனைவி ஒரு வழிக்கு வந்தாள். இனி ஒரே ஒருமுறை ஒத்திகையைக் கெடுத்தாலும், ஊரின் மறுகோடியிலுள்ள தன் தங்கை வீட்டில் தானே அதைக் கொண்டுபோய் விட்டுவிடுவதாகச் சொன்னாள். டைரக்டர் ஒத்துக்கொண்டார். அதோடு பேச்சு நின்றது. ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். மற்ற நடிகர்கள் இன்னும் வரவில்லை; ஹாலில் ஆள் இருக்கும் அரவமே இல்லை.

அன்று திருடன் வேஷத்துக்குப் புது நடிகர் வருவதாக இருந்தது. பழைய திருடனுக்குக் காய்ச்சல். லைட் போடுகிறவர் தன் ஆபீஸ் சிநேகிதரை ஏற்பாடு செய்துவிட்டு, அவரை அழைத்துவர பஸ் ஸ்டாப்புக்குப் போயிருந்தார்.

பக்கச்சுவர் ஜன்னல் மெல்லக் கிரீச்சிட்டது. முதலில் ஒரு கால் உள்ளே வந்தது. பின்னாலேயே ஓர் ஆள்.

நாடகத்திலும் திருடன் ஜன்னல் வழியாகத்தான் வருவான். டைரக்டருக்குப் புல்லரித்துவிட்டது. வந்ததும் வராததுமாக, வணக்கம்கூடச் சொல்லாமல், மனுஷன் பாத்திரமாகவே வந்து குதிக்கிறாரே.

அந்த நேரம் பார்த்து ஒன்ஸ்மோர் எழுந்தது. ரோமம் சிலிர்க்க, பல்லைக் காட்டி, ஹால் அதிர அதிரக் குரைத்தது.

டைரக்டர் மனைவியைப் பார்த்தார், அவ்வளவுதான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திமிறிய நாயைச் சங்கிலியோடு இழுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“நாயை அனுப்பியாச்சு. தைரியமா பண்ணுங்க. அந்த சூட்கேஸைத் தூக்கிட்டு நடங்க,” என்றார் டைரக்டர்.

புதியவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை; கண் ஜன்னலுக்கும் கதவுக்குமாக அலைந்தது. நடிப்பென்றால் இதுதான் என்று டைரக்டர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

ஒரே ஒரு குறை. புதியவர் நாடகத்துக்கான காலி சூட்கேஸை எடுத்துக்கொண்டு நடந்தபோது நடையில் கனம் தெரியவில்லை. குழுவினர் கூட்டாக வாங்கிய புது ஆம்ப்ளிஃபையரையும் மைக்குகளையும் டைரக்டர் தம் கையாலேயே அதில் அடுக்கி மூடிக் கொடுத்தார். இப்போது தோள் அழகாகச் சாய்ந்தது. ஆனால் ஆள் ரெண்டடி வைப்பதும் இவரைத் திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தார்.

“திருடன் திரும்பித் திரும்பிப் பார்ப்பானா? தெருக்கோடி வரைக்கும் ஒரே ஓட்டமா ஓடுங்க. பின்னாலேயே போலீஸ் வருதுன்னு நினைச்சுக்குங்க.”

புதியவர் அப்போதுதான் முதன்முதலாக வாயைத் திறந்தார்.

“ஜன்னல் வழியா இதைத் தூக்கிட்டு இறங்க முடியாதுங்க. கதவைக் கொஞ்சம் திறந்து விடறீங்களா?”

நியாயமான யோசனையாகப் பட்டது. டைரக்டரே போய்க் கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டார். ஓட்டமா அது! செருப்பு ஒன்று கழன்று விழுந்ததைக்கூடச் சட்டை செய்யாமல் தெருமுனை திரும்பி மறைந்தது உருவம். இப்படி ஒரு கலைஞன் கிடைத்தபின் நாயாவது ராசியாவது என்று, டைரக்டர் வாசலில் தனியாக நின்று கைதட்டினார்.

தட்டிய கை ஓய்வதற்குள் எதிர்ப்பக்கமிருந்து லைட்டுக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கூடவே, சிரித்த முகமாகக் குட்டையாக ஒருவர்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே, பஸ் லேட்டு. இவர்தான் நம்ம திருடன்.”

டைரக்டர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். நாயோடு திரும்பி வரச்சொல்லி மனைவியிடம் பேசியாக வேண்டும். எடுத்த எடுப்பில் என்ன சொல்லலாம்? கல்யாணமாகி அனுபவப்பட்டவர்கள் யாராவது கீழே ஒரு வரி எழுதுங்களேன், பாவம்.