பெயர் மறைத்த படம்

அவள் கணினியிலிருந்து கண்ணை எடுத்து உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டாள். இமைக்குள்ளும் விழித்திரைப் படங்களே ஓடின.

காலையிலிருந்து இதே வேலை. வயதானவர்களின் நடுப்பார்வையைத் தின்னும் நோய். பெயர் மறைத்த ஸ்கேன் படங்கள். அவளும் கணவன் திருமாறனும் தனித்தனி அறையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறதா, இல்லையா. கோத்திருந்தால் கண்ணுக்குள் ஊசி.

ஒரே படத்தைப் பார்க்கும் இரண்டு டாக்டர்கள் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறார்கள் என்று யாரோ ஆராய்கிறார்கள்.

முடித்ததும் இருவர் பதில்களையும் ஒப்பிட்டுப் பார்த்தாள். பெரும்பாலும் ஒத்துப்போயிருந்தார்கள்.

ஒரு படத்தில் மட்டும் இல்லை.

'நீர் இல்லை' என்று அவள் எழுதியிருந்தாள். 'இருக்கிறது. தாமதிக்காமல் ஊசி' என்று அவன்.

அது யாருடைய கண் என்று அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். முந்தின நாள் அந்த ஸ்கேனை எடுத்ததே அவள்தான்.

மாமனாரின் வலது கண்.

இடது கண்ணுக்குப் போன வருஷம் திருமாறன்தான் ஊசி போட்டான். எல்லாம் சுத்தமாகத்தான் செய்தான். அபூர்வமாக யாருக்கோ வருவது அவன் அப்பாவுக்கு வந்தது. கிருமி ஏறிப் பார்வை போயிற்று.

அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சாயங்காலம் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்தார். திரையில் அதே படம். இப்போது மேலே பெயரும் இருந்தது.

திருமாறன் நெடுநேரம் பார்த்தான்.

"ஒண்ணுமில்லப்பா. லேசா நிழல் மாதிரி இருக்கு. அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

அவள் பக்கம் திரும்பினான். "நீ என்ன சொல்ற?"

அவள் எழுதியதும் அதுதான். தலையாட்டினால் போதும். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

படத்தைப் பார்த்தாள். அடியில் மெல்லிய கறுப்புக் கீற்று. நீர்தான்.

வேறு யார் கண்ணாக இருந்தாலும் இதை விட்டிருப்பாளா?

"காலையில இதே படத்துக்கு ஊசி போடணும்னு எழுதுனீங்க," என்றாள். "அப்ப உங்களுக்குப் பேரு தெரியாது."

மவுசிலிருந்த அவன் கை நழுவி மடியில் விழுந்தது.

"நான் எழுதுனதுதான் தப்பு மாமா. ஊசி வேணும். நானே போடுறேன்."

"சரிம்மா," என்றார் அவர். பிறகு, "நீ ஏண்டா பேசாம இருக்க?"

கேட்டது மகனை. பார்த்தது அவனுக்கு ஒரு சாண் தள்ளி, வெறும் சுவரை. முகத்தை அப்படித் திருப்பி, கண்ணோரத்தில் அவனைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவள் எழுவதற்குள் திருமாறன் எழுந்தான்.

வாஷ்பேசினுக்குப் போய், ஊசி போடுமுன் செய்வதுபோல முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவத் தொடங்கினான்.