முந்தின ஆளோட தள்ளுபடி

“மெம்பர் கார்டு இல்லாதவங்களுக்கெல்லாம் தள்ளுபடி போட்டுக் கொடுத்திருக்கா. இன்னிக்கே வேலைய விட்டு நிறுத்தப்போறேன்லா” என்று கத்தினார் சபாபதி. மலேசியாவின் தங்காக் ஊரில் பெரிய துணிக்கடைக்கு முதலாளி அவர்.

கல்லாவில் இருந்த அங்கம்மா தலை நிமிராமல் பில் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். ரூபேந்திரனுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. கடையின் பழைய ஐபிஎம் கணினியைச் சரிபார்க்க ஜொகூர் பாருவிலிருந்து வந்திருந்தான். வருஷக்கணக்காக உழைத்தவளை நாலு பேர் முன்னால் திருடி மாதிரி நிறுத்துவதா?

“மொதல்ல புரோகிராமைப் பார்க்கலாம் முதலாளி. அப்புறம் திட்டுங்க.”

ஆர்பிஜி என்ற பழைய கணினி மொழியில் எழுதிய பில் புரோகிராமைத் திறந்ததும் கோபம் இன்னும் ஏறியது.

“யார் எழுதினது இது? கார்டு இருந்தா தள்ளுபடிய பில்லுக்கு அனுப்பலாம், இல்லாட்டி விட்டுடலாம்னு வெச்சிருக்கான். சரி. ஆனா அனுப்பினாங்களான்னு பார்க்கவே இல்ல. முந்தின ஆளோட தள்ளுபடி மெமரியிலேயே கிடக்கு. கார்டு இல்லாதவர் வந்தா அதையே எடுத்து இவருக்கும் போடுது.”

“அப்ப அங்கம்மா?”

“அவங்க ஒண்ணும் பண்ணல. மெஷின் பண்ணுன தப்புக்கு அவங்க சோத்துல மண்ணள்ளிப் போடுவீங்களா? மன்னிப்புக் கேளுங்க.”

சபாபதி தலையைச் சொறிந்தார். “தப்பா நெனச்சிட்டேன். மனசுல வெச்சுக்காதே அங்கம்மா” என்று முணுமுணுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

ரூபேந்திரன் அதோடு விடவில்லை. தள்ளுபடி வந்திருக்கிறதா என்று முதலில் பார், வராவிட்டால் அந்தப் பக்கமே போகாதே என்று புரோகிராமில் எழுதிச் சேர்த்தான். இரண்டு மூன்று தடவை சோதித்தும் பார்த்தான். இனி இந்த அக்கா மேல் ஒரு பழியும் விழாது என்று நினைக்கும்போதே நெஞ்சு நிமிர்ந்தது.

“சரி பண்ணிட்டேன்கா. இனிமே ஒருத்தர் தள்ளுபடி இன்னொருத்தருக்கு விழாது.”

சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், அங்கம்மாவின் முகம் வாடிப்போனது. பள்ளிச் சீருடைகளை மார்போடு அணைத்துக்கொண்டு ரப்பர் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் பெண் ஒருத்தி கல்லா முன்னால் நின்றிருந்தாள். பின்னால் மூன்று பிள்ளைகள்.

“நல்ல வேலை செஞ்ச தம்பி” என்றாள் அங்கம்மா, குரலைத் தாழ்த்தி. “இந்த மாதிரி ஆளுங்கள இத்தன நாளா கார்டுக்காரங்க பின்னாலதான் நிக்க வெச்சு பில் போட்டேன். இனிமே எங்க நிக்க வைக்கிறது, நீயே சொல்லு.”